இதழியலிலிருந்து திறந்த கல்விக்கு: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

செய்தித்தாள் வேலையை விட்டுத் திறந்த கல்வி வளங்களுக்காக, அதாவது எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள பாடப்பொருள்களுக்காக, பாடுபடப் போவதாக உங்கள் மகள் சொன்னதும், நிலையான சம்பளத்தைத் துறந்து தொண்டுக்குப் போகிறாளோ என்று நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். இது பல்கலைக்கழகங்களிலும் நூலகங்களிலும் அறக்கட்டளைகளிலும் பதவிகள் உள்ள துறைதான். 2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது; அடுத்த ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் இத்துறைக்கு இன்றைய பெயர் அமைந்தது; 2019 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இதற்கென ஒரு பரிந்துரையையே ஏற்றுக்கொண்டது.

இதழாளருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். கடினமான பொருளைப் பிழையின்றி எளிமையாக எழுதுவது, தகவலின் மூலத்தைச் சரிபார்ப்பது, ஆசிரியரிடமும் அதிகாரியிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டுப் பெறுவது ஆகியவை பாடப்பொருளை உருவாக்கும் குழுக்களுக்கு எப்போதும் தேவைப்படுகின்றன. அவை உங்கள் மகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

அவர் புதிதாகக் கற்க வேண்டியது பதிப்புரிமையையும் உரிமங்களையும்தான். இதில் மேலோட்டமான அறிவு போதாது. இலவசமாகப் படிக்கக் கிடைப்பதெல்லாம் திறந்த வளம் ஆகிவிடாது. ஒரு பாடநூலை வைத்துக்கொள்ளவும், பயன்படுத்தவும், திருத்தவும், வேறொன்றோடு சேர்க்கவும், பிறருக்குப் பகிரவும் உரிமை இருந்தால்தான் அது திறந்தது. ஒரு படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களிலேயே, மாற்றியமைத்ததைப் பகிரத் தடை விதிக்கும் வகை ஒன்று உண்டு. அந்த உரிமத்தில் வந்த நூலைத் தனி அனுமதியின்றி மொழிபெயர்த்து வெளியிட முடியாது. தாய்மொழியில் படிக்கும் மாணவருக்கு அந்த நூல் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாததாகிவிடுகிறது என்பதால், இந்த ஒரு நுணுக்கத்தை ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் புரியவைப்பதே இப்பணியின் பெரும்பகுதி என்று நான் கருதுகிறேன். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு நடத்தும் சான்றிதழ்ப் படிப்புக்குக் கட்டணம் உண்டு என்றாலும், அதன் பாடங்களை எவரும் இலவசமாகப் படிக்கலாம். முதலில் அவற்றைப் படித்துப் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நிறுவனத்தில் பணியாற்றியபோது எழுதிய கட்டுரைகளின் பதிப்புரிமை அந்த நிறுவனத்திடம் இருக்கக்கூடும். அவற்றைத் திறந்த உரிமத்தில் வெளியிடும் முன், பணி ஒப்பந்தத்தைப் படித்து எழுத்துவழி அனுமதி பெற வேண்டும். ஒருமுறை வழங்கிய திறந்த உரிமத்தை, ஏற்கெனவே பெற்றுக்கொண்டவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது.

வருமானம் குறித்த உங்கள் அச்சம் நியாயமானது. இத்துறையில் பல பணிகள் நிதிக்கொடையைச் சார்ந்தவை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியக்கூடும். ஆகவே வேலையை விடுவதற்கு முன்பே, தமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளில் சிறு பாடப்பகுதி ஒன்றை எழுதி, ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பயன்படுத்தச் செய்து, திருத்தி, உரிமக் குறிப்புடன் அவர் வெளியிடட்டும். நேர்காணலில் காட்டுவதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை. கல்விச் செய்திகளை எழுதுபவராக இருந்தால், இந்த ஈடுபாட்டை இப்போதே தம் செய்தித்தாளின் ஆசிரியர் குழுவிடம் தெரிவித்துவிட வேண்டும். செய்தியாளரும் பரப்புரையாளரும் ஒருவராகவே இருப்பதை வாசகரிடம் மறைப்பது முறையன்று.

பணி வாய்ப்பு வரும்போது, நிதி எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியாகியுள்ளது, அங்கே எழுதுபவற்றின் பதிப்புரிமை யாருக்கு என்னும் இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே அவர் கையொப்பமிடட்டும்.