எலுமிச்சைச் சக்கையில் எண்ணெய் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, தேவகோட்டைப் பக்கம் 60 எலுமிச்சை மரம் வைத்திருக்கிறேன். விலை இறங்கினால் சாறு பிழிந்து விற்போம். சக்கை குப்பைக்குப் போகிறது. அதில் எடுக்கும் எண்ணெய் கிருமியைக் கொல்லும், கடலை எண்ணெயைக் காறாமல் காக்கும் என்கிறார்கள். பசுவின் மடிவீக்கத்துக்குத் தடவலாமா?

பதில்: ராத்திரி விளக்கை ஏற்றி, சுடர் பக்கத்தில் பச்சைத் தோல் ஒன்றை மடித்துப் பிதுக்கிப் பாருங்கள். பொறிபொறியாகத் தீ பறக்கும். நீங்கள் கேட்கிற எண்ணெய் அதுதான். தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பைகளுக்குள் இருக்கிறது. சதையைச் செக்கில் போட்டால் புளித்தண்ணீர்தான் வரும்.

பிழியும்போதே அந்தப் பைகள் உடைந்துவிடும். அதனால் தோலை முதலில் சீவிவிட்டு, அப்புறம் சாறு எடுங்கள். சீவிய தோலை அன்றைக்கே ஆவியில் வடிக்க வேண்டும். 100 கிலோ தோலுக்கு அரைக் கிலோ எண்ணெய் கிடைத்தாலே நல்லது. 60 மரத்தை நம்பிக் கொதிகலன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

காறல் விஷயத்துக்கு வருவோம். இந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்கிற வாசனைப் பொருள். காற்றுப் பட்டால் அதுவே கெட்டு, தோலில் அரிப்பை உண்டாக்கும். காவலுக்கு வைத்த ஆளையே காவல் காக்க வேண்டிய கதை! கடலை எண்ணெயில் கலக்காதீர்கள், எலுமிச்சை வாடையோடு யார் தாளிப்பார்கள்? வடித்ததைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் ஆகாது, தெர்மாகோலைக்கூட இது கரைத்துவிடும்.

கிருமியைக் கொல்வது உண்மைதான், ஆனால் ஆய்வகத் தட்டில். மடிநோய் தருகிற ஈ.கோலை என்கிற கிருமிக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம். தடவினால் காம்பு எரியும், பாலிலும் வாடை ஏறும். அதைவிட, 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து, கறந்து கழுவிய மடியில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள் பூசுங்கள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சம்பழம் தின்னக் கொடுங்கள், அது உங்களிடமே இருக்கிறது. காய்ச்சல் இருந்தாலோ பாலில் ரத்தம் கண்டாலோ உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மிஞ்சுகிற சக்கையைச் சாணத்தோடு சேர்த்து மக்க வையுங்கள். பூஞ்சை பிடித்ததை மட்டும் மாட்டுக்குக் காட்டாதீர்கள்.