சுற்றுலா விசாவில் செப்டம்பர் டெக்சாஸ்: புறா வேட்டைக்குப் போகலாமா?

போகலாம். பி-2 (சுற்றுலா) விசாவில் செப்டம்பர் முதல் வாரம் டல்லாஸ் வருபவருக்குப் புறா வேட்டைதான் தோது. வடக்கு, நடு மண்டலங்களில் 1ஆம் தேதியே சீசன் தொடங்கிவிடும். நாளொன்றுக்கு 15 புறா.

"நண்பரின் துப்பாக்கியைத் தொடாதே" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது பெரும்பாலும் இதனால்தான்: இந்த விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடை இல்லை. ஆகவே முதலில் உரிமம், அப்புறம் துப்பாக்கி.

1. வெளி மாநிலத்தவருக்கான 5 நாள் சிறப்பு உரிமம் போதும். புறாவும் வலசைப் பறவைக் கணக்கில் வருவதால், அதற்கான முத்திரையையும் (கூடுதல் அனுமதி) சேர்த்து வாங்குங்கள். எச்ஐபி (வலசைப் பறவை வேட்டைக் கணக்கெடுப்பு) கேள்விகளையும் உரிமம் வாங்கும்போதே முடித்துவிடுங்கள்.

2. 1971 செப்டம்பர் 2 அல்லது அதன் பிறகு பிறந்தவரா? வேட்டைப் பயிற்சிச் சான்று வேண்டும். சான்று இல்லையென்றால் 'டிஃபரல்' (பயிற்சியைத் தள்ளிப்போடும் அனுமதி) கேளுங்கள். ஒரே ஒருமுறைதான் தருவார்கள். உரிமமுள்ள பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

3. இரவல் பம்ப் ஷாட்கன் என்றால் சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) காலியாக வைத்து மேகசினில் (மற்ற தோட்டாக்கள் இருக்கும் குழாய்) தோட்டா போட்டுப் பாருங்கள். இரண்டுக்கு மேல் ஏறினால் உள்ளே ப்ளக் (கூடுதல் தோட்டா ஏறாமல் தடுக்கும் அடைப்பு) இல்லை. பலர் மாட்டுவது இங்கேதான். சேம்பரையும் சேர்த்து மொத்தம் மூன்றுதான் அனுமதி.

இந்த 5 நாள் உரிமம் வெள்ளைவால் மானுக்குச் செல்லாது. நிலமும் பெரும்பாலும் தனியாருடையது. உரிமையாளர் அனுமதியில்லாமல் வேலி தாண்டாதீர்கள்.