பிரான்சின் பழைய தகரத் தொட்டியில் சீன ஓவியம் எப்படி வந்தது?

கறுப்புத் தகரத் தொட்டியில் தங்க நிறத்தில் பகோடா கோபுரமும் குடை பிடித்த மனிதர்களும் இருக்கிறார்கள், ஆனால் பிரெஞ்சுப் பொருள் என்கிறார்களே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அது 'தோல் பெயிந்த்' வகை. பெயரில் வரும் 'தோல்' என்பது பிரெஞ்சில் உலோகத் தகடு, 'பெயிந்த்' என்றால் வண்ணம் தீட்டியது.

18ஆம் நூற்றாண்டில் சீன, ஜப்பானிய அரக்குப் பொருள்கள்மேல் பாரிஸ் பணக்காரர்களுக்கு அப்படி ஒரு மோகம். ஆனால் அந்தப் பளபளப்பைத் தரும் மரப்பால் ஐரோப்பாவில் கிடையாது. அதனால் கோப்பல் என்ற மரப்பிசினையும் எண்ணெயையும் காய்ச்சி வார்னிஷ் செய்தார்கள். பாரிஸ் கைவினைஞர்களான மார்ட்டின் சகோதரர்களின் வார்னிஷ் இதில் பெரும் புகழ் பெற்றது. தகட்டுக்கு வேலை இன்னும் அதிகம்: இரும்பைத் தட்டி மெலிதாக்கி, துரு ஏறாமலிருக்க வெள்ளீயம் பூசி, அதன்மேல் வார்னிஷைப் பல தடவை பூசி ஒவ்வொரு தடவையும் சூளையில் காயவைத்து, அப்புறம்தான் தங்கப் பொடியில் படம்.

வரைந்தவர்களில் பெரும்பாலோர் சீனாவைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் பாலத்தைவிட ஆள் பெரிதாக இருப்பான், பறவை மரத்தைவிடப் பெரிதாக இருக்கும். எனக்கு அந்தக் கற்பனைதான் மிகவும் பிடிக்கும்.

தொட்டியின் விளிம்பு வளைந்து வளைந்து வெட்டியிருக்கிறதா? அப்படியானால் அது ஒயின் கிளாஸ் குளிரவைக்கும் பாத்திரம். கிளாஸின் அடிப்பாகத்தை அந்த வெட்டில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால், வாய்ப்பகுதி ஐஸ் தண்ணீரில் மூழ்கியிருக்கும்.

சரி, ஒரு வேண்டுகோள்: தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், புதுப் பெயிண்டும் அடிக்காதீர்கள். வார்னிஷ் கொப்பளித்திருக்கும் இடத்தில் அடியில் துரு இருக்கலாம், அழுத்தித் துடைத்தால் ஓவியம் செதிலாக உரிந்து வந்துவிடும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.