கிளி என் விரலில் சாப்பாட்டைக் கக்குகிறது, இது நோயா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எங்கள் பச்சைக்கிளி கிட்டுவுக்கு இரண்டரை வயது. கழுத்து வளையம் இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. கொஞ்ச நாளாக என் விரலைப் பார்த்ததும் தலையை ஆட்டி ஆட்டித் தின்றதைக் கக்குகிறான். ராத்திரி அலகைக் கரகரவென்று அரைக்கிறான், ஒற்றைக் காலில் நின்று தூங்குகிறான். விளக்கு வைக்கும் நேரத்தில் வீடே அதிரக் கத்துகிறான். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா? கத்துவதை எப்படி நிறுத்துவது?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கிட்டு ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான். அவன் செய்வது எல்லாமே கூட்டத்தோடு வாழும் பறவையின் பழக்கம். உங்கள் வீட்டில் கிளிக்கூட்டம் இல்லை, அதனால் உங்களையே கூட்டமாக வைத்துக்கொண்டிருக்கிறான்.

கக்குவதில் இருந்து தொடங்குவோம். இந்த இனத்தில் கழுத்து வளையம் ஆணுக்குத்தான் வரும், பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில். அதாவது கிட்டு வாலிபனாகிவிட்டான். காட்டில் ஆண் கிளி தனக்குப் பிடித்த பெண் கிளிக்கு இரைப்பையிலிருந்து உணவை எடுத்து ஊட்டும். கிட்டு தேர்ந்தெடுத்திருப்பது உங்கள் விரலை. கூர்ந்து பாருங்கள்: கக்குவதற்கு முன் கண்ணின் கருமணி சுருங்கிச் சுருங்கி விரியும், உடம்பை நிமிர்த்திக் குனிந்து வணங்குவது போல ஆடுவான், அப்புறம் கழுத்தை மேலும் கீழும் அசைத்து உணவைப் பதமாகக் கொண்டுவந்து விரலில் வைப்பான். இது பாசம்.

வாந்தி வேறு மாதிரி இருக்கும். யாரையும் பார்த்து எடுக்காது. தலையைப் பக்கவாட்டில் உதறும், உணவு சிதறும், முகத்து இறகில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும், பறவை சோர்ந்து போயிருக்கும். அப்படிக் கண்டால் தாமதிக்காதீர்கள்.

பாசம்தான் என்றாலும் இதை வளர்த்துவிட வேண்டாம். திட்டவும் வேண்டாம், சிரித்துக் கொஞ்சவும் வேண்டாம். தலையாட்டல் தொடங்கியதும் விரலை மெதுவாக இறக்கிவிட்டு, கடிக்க ஒரு பயற்றங்காய்த் துண்டைக் கொடுங்கள். தடவுவதைத் தலை, கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவினால் அவனுக்கு அது ஜோடி சேர அழைப்பு. கூண்டில் கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். அலமாரிக்குள், சோபாவுக்கு அடியில் நுழைய விடாதீர்கள், இருட்டான பொந்தைப் பார்த்தாலே கூடு கட்டும் எண்ணம் வந்துவிடும்.

அலகை அரைப்பதும் ஒற்றைக் காலில் நிற்பதும் நல்ல அடையாளங்கள். மேல் அலகும் கீழ் அலகும் உரசும் அந்தச் சத்தம் வந்தால் பறவை நிம்மதியாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்று அர்த்தம். ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொள்வது உடம்புச் சூட்டைக் காக்கவும் காலுக்கு ஓய்வு கொடுக்கவும்.

இப்போது கத்தல். உங்கள் உண்மையான பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். கோலாலம்பூரில் வருஷம் முழுக்க ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் நடுவில் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் சாலையோர மரங்களில் மைனாக்கள் போடும் கூச்சலைக் கேட்டிருப்பீர்கள். பச்சைக்கிளிகளும் காட்டில் இப்படித்தான் கூட்டமாக மரத்தில் வந்து அடையும், 'எல்லாரும் வந்துவிட்டீர்களா' என்று கூப்பிட்டுக்கொள்ளும். கிளிகளுக்கு இந்தக் குரல் எவ்வளவு முக்கியம் தெரியுமா? வெனிசுலாவில் ஒரு சிறு கிளியினத்தை ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு குஞ்சுக்கும் உரிய தனிக் குரலைப் பெற்றோரே கற்றுக்கொடுக்கின்றன என்று 2011இல் வெளியிட்டார்கள். நாம் பிள்ளைக்குப் பேர் வைப்பது போலத்தான்.

அதனால் கத்தலை அடக்க முடியாது, குறைக்க முடியும். நீங்கள் சமையலறையிலிருந்து "டேய், சும்மா இரு!" என்று கத்தினால் அதையே அவன் பதிலாக எடுத்துக்கொள்வான். அதற்குப் பதில் சின்னதாக ஒரு சீட்டியைத் தேர்ந்தெடுங்கள். அவன் மெல்லிய குரலில் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் வேறு அறையிலிருந்தாலும் உடனே சீட்டியால் பதில் சொல்லுங்கள். அலறும்போது பதில் வேண்டாம், ஒரு விநாடி மூச்சு விட்டு நிறுத்தினால் அப்போது சொல்லுங்கள். முதல் சில நாள் சத்தம் கூடும். அப்போது மனம் தளர்ந்து ஓடிப்போய்ப் பார்த்தீர்களானால் இன்னும் உரக்கக் கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்வான். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், பாட்டி உட்பட. மோட்டாரில் வரும் ரொட்டிக்காரரின் ஹாரனை அப்படியே எடுத்துவிடும் கிளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் சீட்டியைப் பிடிக்க அவனுக்கு ரொம்ப நாள் ஆகாது.

நாளின் ஒழுங்கும் உதவும். மத்தியானம் ஈரமான சாவிக் கீரையை (கடுகுக் கீரை வகை) கூண்டில் கட்டிவிடுங்கள், அதில் உருண்டு குளிப்பதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். 6.30 வாக்கில் சாப்பாட்டைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்துக் கொடுங்கள், பிரித்துத் தின்பதில் வாய் மும்முரமாக இருக்கும். சிலி பாடி என்கிற குட்டி மிளகாய் ஒன்றும் வைக்கலாம், பறவைகளுக்குக் காரம் உறைக்காது. எட்டு மணிக்குள் டிவி இல்லாத அறையில் தூங்க விடுங்கள், பத்துப் பன்னிரண்டு மணி நேர இருட்டு வேண்டும். கூண்டைப் பக்கத்து வீட்டுச் சுவரை விட்டு நகர்த்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. விளக்கு வைக்கும் நேரத்தில் சாம்பிராணி போடுவீர்களானால் கிட்டு இருக்கும் அறையில் வேண்டாம். கொசுவர்த்தியும் அப்படித்தான். பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து வேலை செய்வதால் புகை அதை நம்மைவிட வேகமாகத் தாக்கும். ஒட்டாத பூச்சுள்ள சட்டி காய்ந்து தீய்ந்தால் வரும் ஆவி சில நிமிடத்திலேயே கிளியைக் கொன்றுவிடும், சமையலறைப் பக்கமே விடாதீர்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில் ஜன்னலைச் சாத்துங்கள். அவன் வெளியே பறக்கும்போது மேல் ஃபேன் நின்றிருக்கட்டும். அவகாடோவும் சாக்லேட்டும் ஒரு துளிகூடக் கூடாது.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது? பகலிலும் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால், கூண்டின் தரையில் வந்து அமர்ந்தால், வழக்கமாகக் கூப்பிடும் நேரத்தில் மௌனமாக இருந்தால். பறவைகள் நோயை மறைக்கும், நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். அதனால் சமையலறைத் தராசு ஒன்றை அவனுக்கென்று ஒதுக்கி, வாரம் இரண்டு தடவை, காலையில் முதல் எச்சம் போட்டதும், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். இந்த இனம் சுமார் 110 முதல் 140 கிராம் இருக்கும். அவனுடைய வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றே கூட்டிப்போங்கள். எல்லா கிளினிக்கிலும் பறவை பார்ப்பதில்லை, பார்க்கும் கிளினிக் எது என்று இப்போதே விசாரித்து நம்பரை ஃபோனில் ஏற்றி வையுங்கள்.