கேட்கும் முறையும் மறுக்கும் முறையும்: வாசகர் கேள்வி – பதில்

தன்னார்வலர்கள் உருவாக்கிப் பராமரித்துவரும் மென்பொருள்களில் புதிய வசதிகளைக் கேட்பது தொடர்பாக வந்த கேள்விகள் இந்த இதழில் ஒருசேர எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. பயனர்கள் மட்டுமின்றி, கோரிக்கைகளைப் பெறும் இடத்தில் இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: நான் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற மென்பொருளில் ஒரு வசதி வேண்டும் என்று அதன் கோரிக்கைப் பக்கத்தில் எழுதி மூன்று மாதங்கள் ஆகின்றன. இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லை. பயனர்களுக்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லையா?

பதில்: சட்டப்படி இல்லை. 1989-இல் முதன்முதலாக வெளியான ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமமும் சரி, இன்று பரவலாகப் புழங்கும் எம்ஐடி உரிமமும் சரி, மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அந்த மென்பொருளை எடுத்துப் பயன்படுத்தவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதை எழுதியவரின் ஓய்வு நேரத்தின் மீது உரிமை கிடையாது.

ஆனாலும் சட்டத்தைச் சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிடக் கூடாது என்றே நினைக்கிறேன். ஒரு தன்னார்வலர் கோரிக்கைப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார் என்றால், வந்து சொல்லுங்கள் என்று அவர் அழைத்திருக்கிறார். அழைத்தவருக்கு, கேட்டதைச் செய்து தரும் பொறுப்பு இல்லாவிட்டாலும், படித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதும் பொறுப்பு இருக்கிறது. உங்கள் வருத்தம் அந்த ஒரு வரி கிடைக்காததைப் பற்றியது என்றால் அது நியாயமானது. வசதி இன்னும் வரவில்லையே என்பதைப் பற்றியது என்றால், அதற்கு நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும், அது வராமலே போகவும் கூடும்.

நினைவூட்டல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “இது என்ன ஆயிற்று?” என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும், அந்தக் கோரிக்கையைப் பின்தொடரும் அனைவருக்கும் மின்னஞ்சலாகப் போகிறது. அதில் புதிய செய்தி எதுவும் இல்லை என்றால், படிப்பவருக்கு அழுத்தம் கூடுகிறதே தவிர வேலை எளிதாவதில்லை. மாறாக, புதிய பதிப்பிலும் அதே சிக்கல் இருக்கிறதா என்று பார்த்து எழுதினால், அல்லது உங்களைப் போன்ற இன்னொருவர் அதே தேவையை வேறு எங்கே எதிர்கொண்டார் என்று சுட்டிக்காட்டினால், அதே நினைவூட்டல் உதவியாக மாறிவிடுகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை அப்படி எழுதுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: கோரிக்கையை எப்படி எழுதினால் படிப்பவருக்கு உதவியாக இருக்கும்? மாதிரி ஒன்று தர முடியுமா?

பதில்: எடுத்துக்காட்டாக, குறிப்புகள் எழுதி வைக்கும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “குறிப்பை அழிக்கும்போது ‘உறுதியாக அழிக்கவா?’ என்று கேட்கும் பெட்டி கட்டாயம் வேண்டும். இந்த அடிப்படை வசதிகூட இல்லாத மென்பொருளை எப்படித்தான் வெளியிட்டீர்கள்?” இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. கடுமையான தொனி எல்லோர் கண்ணிலும் படும். அதைவிடப் பெரிய குறை, என்ன நடந்தது என்று எழுதியவர் சொல்லவே இல்லை என்பது. தமக்குத் தோன்றிய தீர்வை மட்டும் எழுதிவிட்டுச் சிக்கலைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

இதையே அவர் இப்படி எழுதியிருக்கலாம்: “கைப்பேசியில் பட்டியலை நகர்த்தும்போது விரல் தவறுதலாக அழிப்புக் குறியின் மேல் பட்டு, ஒரு மாதமாக எழுதிய குறிப்பு போய்விட்டது. திரும்பப் பெற வழி தேடினேன், கிடைக்கவில்லை. நான் பயன்படுத்துவது இந்தப் பதிப்பு, இந்த இயங்குதளம். அழிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு வழி இருந்தாலும் சரிதான்.” இதைப் படிக்கும் நிரலாளருக்கு உடனே வேறொன்று தோன்றக்கூடும். உறுதிப்படுத்தும் பெட்டி எத்தனை முறை வந்தாலும் பழக்கத்தில் “ஆம்” என்று அழுத்திவிடுவோம்; அழித்த குறிப்புகளைச் சில நாள்கள் தனியாக வைத்திருந்து மீட்டுத் தரும் வழிதான் இந்தப் பயனரை உண்மையில் காப்பாற்றும். அழிப்புக் குறியை விரல் படாத இடத்துக்கு நகர்த்துவது அதைவிடச் சின்ன வேலை. சிக்கலைச் சொன்னதால்தான் இந்த இரண்டு வழிகளும் புலப்பட்டன. கேட்டது கிடைக்காமல், கேட்டதைவிட நல்லது கிடைப்பது இப்படித்தான் நிகழ்கிறது.

எழுதும் முன் பழைய கோரிக்கைகளைத் தேடிப் பாருங்கள். மூடப்பட்டவற்றையும் சேர்த்தே தேடுங்கள், ஏனெனில் ஏற்கெனவே காரணம் சொல்லி மறுத்திருந்தால் அது அங்கேதான் இருக்கும். ஒரு கோரிக்கையில் ஒரே விஷயத்தை மட்டும் எழுதுங்கள். பிழையையும் விருப்பத்தையும் கலக்காதீர்கள். லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டத்தில் பிழைகளைத் தரம்பிரிக்கும்போது, புதிய வசதி கேட்பவற்றுக்கென்றே “விருப்பப் பட்டியல்” என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். தரவு அழிந்துபோகும் பிழையும், நிறம் மாற்றும் விருப்பமும் ஒரே வரிசையில் நின்றால் பராமரிப்பவர் எதை முதலில் பார்ப்பார்?

கேள்வி: நான் கேட்டது மிகச் சிறியது. அமைப்புகள் பக்கத்தில் ஒரே ஒரு தேர்வுப் பெட்டி. எனக்கும் கொஞ்சம் நிரலாக்கம் தெரியும். பத்து நிமிட வேலைதான். அதற்கும் “யோசிக்கிறோம்” என்கிறார்கள். இது சாக்குப்போக்கு இல்லையா?

பதில்: எழுதுவதற்குப் பத்து நிமிடம் என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு வரும் ஆண்டுகளைத்தான் அவர்கள் யோசிக்கிறார்கள். தேர்வுப் பெட்டி ஒன்று சேர்ந்தால், அது இயங்கும் நிலையிலும் இயங்காத நிலையிலும் மென்பொருள் சரியாக நடக்க வேண்டும். இப்படிப் பத்துத் தேர்வுகள் இருந்தால் அவற்றின் சேர்க்கைகள் 1,024. ஒவ்வொரு சேர்க்கையையும் யாரும் சோதிப்பதில்லை. அதனால்தான் உங்கள் கணினியில் மட்டும் வரும் பிழைகள் பிறக்கின்றன. போதாததற்கு உதவிக் குறிப்பை மாற்ற வேண்டும், அந்தச் சொற்களைப் பல மொழிகளில் பெயர்க்க வேண்டும், பின்னாளில் அதை நீக்க முயன்றால் பழகிப்போனவர்களின் கோபத்தையும் தாங்க வேண்டும்.

மிகச் சிறியதாகத் தோன்றிய ஒரு வசதி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு லாக்4ஜே சான்று. ஜாவா மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்கள் தம் நிகழ்வுப் பதிவுகளை எழுதப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு அது. 2013-இல் பயனர் ஒருவர், ஜேஎன்டிஐ என்ற முறையின்வழி மதிப்புகளைத் தேடி எடுத்துப் பதிவில் சேர்க்கும் வசதி வேண்டும் என்று கேட்டு, அதற்கான நிரலையும் அனுப்பினார், அது ஏற்கப்பட்டது. 2021 டிசம்பரில், பதிவுக்குள் போகும் உரையில் ஒரு வரியைத் திணித்தாலே அயலார் ஒருவர் அந்தக் கணினியில் தம் நிரலை இயக்கிவிடலாம் என்பது வெளிப்பட்டது. அதற்கு வழிவிட்டது அந்த வசதிதான். பெரும்பாலும் தன்னார்வலர்களான அந்தக் குழுவினர் அதே மாதத்தில் 2.15.0, 2.16.0, 2.17.0 என்று திருத்தப் பதிப்புகளை அடுத்தடுத்து வெளியிட வேண்டியதாயிற்று. கேட்டவர் மீது குற்றம் இல்லை. நல்லெண்ணத்தோடு கேட்டார், உழைப்பையும் தந்தார். ஆனால் அந்த வசதியை எட்டு ஆண்டுகள் சுமந்தவர்களும், அதற்காக விமர்சனத்தைக் கேட்டுக்கொண்டவர்களும் பராமரிப்பாளர்கள்தான்.

ஆகவே “எளிய வேலைதானே” என்ற தொடரைக் கோரிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது பணியைப் பற்றிய மதிப்பீடாக நீங்கள் எழுதினாலும், படிப்பவருக்கு அவருடைய உழைப்பைப் பற்றிய மதிப்பீடாகவே போய்ச் சேரும்.

கேள்வி: வேறொருவர் கேட்ட வசதியே எனக்கும் வேண்டும். “எனக்கும் வேண்டும்” என்று கீழே எழுதலாமா?

பதில்: ஆதரவுக் குறி இருக்கும் இடத்தில் அதை அழுத்தினால் போதும். இப்படிப்பட்ட வெற்று வரிகள் குவிவது குறித்து 2016 ஜனவரியில் பல திறந்த மூலத் திட்டங்களின் பராமரிப்பாளர்கள் சேர்ந்து, நிரல்களையும் கோரிக்கைகளையும் வைக்கும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்; அவ்வாண்டு மார்ச்சிலேயே கட்டைவிரல் போன்ற குறிகளை அந்நிறுவனம் அறிமுகப்படுத்தியது. உங்கள் பயன்பாடு மற்றவரின் பயன்பாட்டிலிருந்து வேறுபட்டால் மட்டும் அதை விளக்கி எழுதுங்கள்.

கேள்வி: நான் ஒரு சிறு மென்பொருளைத் தனியாளாகப் பராமரிக்கிறேன். வேலை முடிந்து வீடு திரும்பினால் கோரிக்கைகள் காத்திருக்கின்றன. நல்ல மனிதர்கள் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அதனால் பதில் எழுதாமலே விட்டுவிடுகிறேன். சிலர் கடுமையாகவும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் தயக்கத்தின் பின்னால் இருப்பது கருணைதான், ஆனால் அது மறுமுனையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. அவர் உங்கள் மௌனத்தை அலட்சியமாகவே படிப்பார், அல்லது “ஒருநாள் வரும்” என்று நம்பிக் காத்திருப்பார். தெளிவாக மறுத்துவிட்டால் அவர் வேறு மென்பொருளைத் தேடலாம், தாமே நிரல் எழுதலாம், தம் வேலைமுறையை மாற்றிக்கொள்ளலாம். அந்த வாய்ப்புகளைத் திறந்துவிடுவதால், மறுப்பு மௌனத்தைவிட மரியாதையானது என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை.

நீளமாக எழுத வேண்டியதில்லை. “விரிவாக எழுதியதற்கு நன்றி. உங்கள் தேவை புரிகிறது. ஆனால் பலர் ஒரே கோப்பில் எழுதும் வசதி இந்த மென்பொருளின் நோக்கத்துக்கு வெளியே இருக்கிறது; தனியாளாக என்னால் அதைப் பராமரிக்கவும் இயலாது. எனவே இந்தக் கோரிக்கையை மூடுகிறேன்.” இவ்வளவு போதும். பொய்யான நம்பிக்கை தரும் “பின்னர் பார்க்கலாம்” வேண்டாம். உண்மையிலேயே பின்னர் பார்ப்பதாக இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். “வேண்டுமானால் நீயே எழுதிக்கொள்” என்ற பதிலையும் தவிர்த்துவிடுங்கள். நிரலாக்கம் அறியாத ஒருவருக்கு அது கதவைச் சாத்தும் பேச்சாகிவிடும். மென்பொருள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முகப்புக் குறிப்பிலேயே எழுதி வைத்தால், பாதி மறுப்புகளுக்குத் தேவையே இராது.

கடுமையாக எழுதுபவர்களைப் பொறுத்தவரை, கோரிக்கைக்குப் பதில் சொல்லுங்கள், வசைக்குச் சொல்லாதீர்கள்; தொடர்ந்தால் அந்த உரையாடலைப் பூட்டிவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவசரப்படுத்துபவர்களுக்கு இணங்கிப் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைத்துவிடத் தோன்றும் நேரத்தில், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்கு நேர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒருவர்தான் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 2022-இல் சில பெயர்களிலிருந்து, திருத்தங்கள் தாமதமாகின்றன, வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கு நெருக்கடி வந்தது; அந்தப் பெயர்கள் போலியானவை என்றே இன்று பரவலாகக் கருதப்படுகிறது. உதவிக்கு வந்தவராகத் தோன்றி நம்பிக்கை பெற்ற ஒருவர், 2024-இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அயலார் கணினிக்குள் நுழைய உதவும் மறைவழி ஒன்றைப் பொதித்தார். தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆன்ட்ரஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளரால்தான் அது மார்ச் மாதத்தில் வெளிவந்தது. உங்களுக்கு எழுதுபவர்கள் அனைவரையும் ஐயுற வேண்டும் என்று சொல்லவில்லை. மெதுவாக வேலை செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் நிறுவனம் ஒரு கட்டற்ற மென்பொருளைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. அவசரமாக ஒரு வசதி தேவை. கெடு வைத்துக் கேட்கலாமா? நன்கொடை கொடுத்தால் முன்னுரிமை கிடைக்குமா?

பதில்: கெடு வைக்க வேண்டும் என்றால் முதலில் ஒப்பந்தம் வேண்டும். லாக்4ஜே பதற்றத்தின்போது, 2022 ஜனவரியில், ஒரு பெரிய நிறுவனம், இணையவழித் தரவைப் பெறவும் அனுப்பவும் உதவும் கர்ல் மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்குக்கு, கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பி 24 மணி நேரத்துக்குள் விடை தருமாறு கேட்டது. கர்ல் சி மொழியில் எழுதப்பட்டது. லாக்4ஜே அதில் இல்லை. ஆதரவு ஒப்பந்தம் செய்துகொண்டால் மகிழ்ச்சியோடு விடை தருவதாக அவர் எழுதினார். அந்தப் பதில் முற்றிலும் சரியானது.

நன்கொடை வேறு, கூலி வேறு. நிபந்தனையின்றித் தருவது நன்கொடை; அதைக் காட்டி வசதி கேட்டால் பெறுபவர் சங்கடத்துக்கு ஆளாவார். குறிப்பிட்ட வேலைக்குப் பணம் தர விரும்பினால், அதை ஏற்க விருப்பமா என்று முதலில் தனியே கேளுங்கள். பணம் கிடைத்தாலும் நேரம் கிடைக்காத தன்னார்வலர்கள் பலர். உங்கள் பணியாளர் ஒருவரின் வேலைநேரத்தில் ஒரு பகுதியை அந்தத் திட்டத்துக்கு ஒதுக்குவது பல சமயங்களில் பணத்தைவிடப் பயன்படும்.

கேள்வி: காத்திருக்காமல் நானே வசதியை எழுதி அனுப்பினேன். பல வாரங்களின் உழைப்பு. திட்டத்தின் போக்குக்குப் பொருந்தவில்லை என்று மறுத்துவிட்டார்கள். மிகவும் மனம் நொந்திருக்கிறேன்.

பதில்: நோவது இயல்பே. அடுத்த முறை, பெரிய மாற்றம் எதையும் எழுதத் தொடங்கும் முன், “இப்படி ஒன்றைச் செய்ய எண்ணுகிறேன், ஏற்பீர்களா?” என்று நான்கு வரி எழுதி, விடை வந்த பிறகு தொடங்குங்கள். நீங்கள் அனுப்பிய நிரலைப் படித்துச் சரிபார்ப்பதும் பராமரிப்பவருக்கு மணிக்கணக்கான வேலை என்பதையும், நீங்கள் விலகிவிட்டாலும் அது அவர் கையிலேயே இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எழுதியது வீணாக வேண்டியதில்லை. உரிமம் அனுமதிப்பதால், உங்கள் மாற்றத்தோடு தனிக் கிளையாக வெளியிடலாம். 2010-இல் ஓபன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து லிப்ரெஆபிஸ் அப்படித்தான் பிரிந்து வளர்ந்தது. ஆனால் கிளை பிரிப்பதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள்; பிரித்தால் பராமரிப்பும் உங்களுடையது. வேறு பெயர் வையுங்கள், மூல ஆசிரியர்களின் பதிப்புரிமைக் குறிப்பை அப்படியே விட்டுவையுங்கள், உங்கள் கிளையில் எழும் பிழைகளை மூலத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று உங்கள் பயனர்களுக்குத் தெளிவாக எழுதி வையுங்கள். கூடவே, மறுக்கப்பட்ட கோரிக்கையின் கீழ், இந்த வசதி வேண்டுவோர்க்கு இங்கே கிடைக்கிறது என்று ஒருமுறை குறிப்பிடலாமா என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சரி என்பார்கள்.