அப்டேட்டுக்குப் பிறகு கருப்புத் திரை: லினக்ஸ் கேள்வி பதில்

தெம்பனிஸ் வாசகர்: அண்ணே, ராத்திரி உபுண்டுல அப்டேட் போட்டேன். காலையில லோகோ வருது, அப்புறம் கருப்புத் திரைதான். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு. எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி போட்டுடவா?

அவசரப்படாதீங்க தம்பி. அப்டேட்டோடு புது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, வந்திருக்கும். அதற்கான என்விடியா மாட்யூல் (கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டு) உருவாகியிருக்காது. பழைய கெர்னல் உள்ளேயே இருக்கிறது. ஆன் செய்து, தயாரிப்பாளர் லோகோ மறையும்போது எஸ்கேப் கீயை ஒரே தடவை தட்டுங்கள்; எந்த கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் குரப் மெனு வரும். படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி, கட்டளை தட்டும் குரப் பிராம்ப்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் டெஸ்க்டாப் வந்துவிட்டால் கார்டு மேல் சந்தேகம் வேண்டாம். டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலை உருவாக்கித் தரும் கருவி. டெர்மினலில் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். புது கெர்னல் எண்ணுக்கு நேராக 'இன்ஸ்டால்டு' இல்லையென்றால், பெரும்பாலும் மாட்யூல் உருவாக்கத் தேவையான, அந்த கெர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லை. அதைப் போட்டு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' ஓட்டுங்கள்.

பழைய கெர்னலும் கைவிட்டால் குரப் மெனுவில் 'ஈ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். படம் சுமாராகத்தான் வரும், உள்ளே போய் வேலை பார்க்க அது போதும். அதையே நிரந்தரமாக எழுதிவைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

தெம்பனிஸ் (மறுபடி): 'இன்ஸ்டால்டு'ன்னுதான் காட்டுது. ஆனா மாட்யூலை ஏத்தினா 'கீ வாஸ் ரிஜெக்டட்'னு திட்டுது.

இது செக்யூர் பூட் வேலை; நம்பும் சாவியால் கையெழுத்திடாத மாட்யூலை அது ஏற்றவிடாது. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்குமே? ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்து பத்து விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் ஏதாவது கீயை அழுத்தி, 'என்ரோல் மாக்' (டிரைவரின் சாவியைப் பதிவு செய்வது) தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கணும். முக்கால்வாசிப் பேர் கோப்பி கலக்கப் போன நேரத்தில் அது தாண்டிப் போயிருக்கும். 'மாக்யூட்டில்' கருவியால் சாவியை மறுபடி இம்போர்ட் செய்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வரும்.

அங் மோ கியோ: பழைய பொருள் விக்கிற கெரோசல் ஆப்ல என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கார்டு வாங்கினேன். இருக்கிறதுலயே புது டிரைவர் போடலாமா?

கூடாது. அது 2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறை. அதற்குக் கடைசி டிரைவர் வரிசை 580. பெயரில் 'ஓப்பன்' என்று இருப்பதையும் தொடாதீர்கள், அது பாஸ்கலுக்குப் பின் வந்த டூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்குத்தான்.

ஜூரோங் வெஸ்ட்: ஏஎம்டி லேப்டாப். டிரைவர் எங்க டவுன்லோடு பண்ணணும்?

எங்கேயும் வேண்டாம். ஏஎம்டிஜிபியு என்ற டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. சிப் ரொம்பப் புதுசு என்றால் கெர்னலையும் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' பேக்கேஜையும் புதுசாக்குங்கள்.

ஈசூன்: தம்பி, மகன் லேப்டாப்ல அப்டேட் போட்டா பூட் பார்ட்டிஷன்ல இடம் இல்லைங்குது. பழைய கெர்னல் ஃபைலை எல்லாம் டிலீட் பண்ணிடலாமா?

கையால் அழிக்காதீங்க அக்கா, பேக்கேஜ் கணக்கு குழம்பிவிடும். டெர்மினலில் 'ஏபிடி ஆட்டோரிமூவ்' கட்டளை போதும்; இப்போது ஓடும் கெர்னலை விட்டுவைத்து, தேவையில்லாத பழையவற்றை மட்டும் எடுக்கும்.