சுண்டலா, மாத்திரையா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நான்கே நாளில் நிறுத்திவிட்டாள். தினமும் கொள்ளுச் சுண்டல் கொடுத்தால் போதாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சுண்டல் கொடுங்கள், மாத்திரையையும் மறுபடி ஆரம்பியுங்கள். உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது, பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள்.

12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 9.2ஐச் சுண்டல் மட்டும் தூக்கிவிடாது. 100 கிராம் கொள்ளில் சுமார் 8 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கொள்ளில் இரண்டரை மில்லிகிராம்தான் தேறும். அதிலும் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான். பயறில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பிடியைத் தளர்த்தலாம். பயறை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். மறுநாள் வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். ஆவியில் வேகவைத்துத் தாளித்து இறக்கி, சூடு தணிந்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும். மாங்காய்க் காலத்தில் துருவிப் போடலாம். கொள்ளு சூடு என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்தால் தட்டைப்பயறு செய்யுங்கள், பாசிப்பயறு செய்யுங்கள். அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் சுண்டலோடு டீ மட்டும் கொடுக்காதீர்கள், இரும்பு சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன், இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு 8க்கு இறங்கியது. அரிசி டப்பாவில் கைவிட்டுப் பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டிருப்பேன். மசக்கை ஆசை என்றுதான் நினைத்தேன். இரும்பு குறைந்தாலும் அப்படித் தோன்றும் என்று டாக்டர்தான் சொன்னார். மாத்திரையும் முளைப்பயறும் சேர்ந்துதான் என்னை மீட்டன. உங்கள் மகள் அரிசி, சாக்பீஸ், ஐஸ் என்று எதையாவது மெல்லுகிறாளா, கவனியுங்கள்.

அப்புறம், இவ்வளவு ஏன் குறைந்தது என்று தெரிய வேண்டும். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, ஒரு நாப்கின் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காமல் நனைகிறதா? இன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். குடற்புழுவுக்கு மருந்து கொடுத்து எவ்வளவு நாளாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.